பாப்பாவோட அரைஞாண் கயிறு

ஒர்க்‌ஷாப்புல இருக்கற எல்லாரும் இந்தத் தபால் கார்டைப் படிங்க.

இன்னிக்கு பெட்ரோலுக்குப் பதிலா கரியில ஓடற அரூர் பஸ்ல என் ஒன்றரை வயசுப் பாப்பா மடியில இருக்கவே மாட்டேன்னு நெளிஞ்சா. பக்கத்துல இருந்த அக்கா அவ சட்டையத் தூக்கிப் பாத்தாங்க.

"அரைஞாண் கயிறு இடுப்பை அறுக்குதுங்க. பெத்தவ பாக்கலையா?"

"கட்டுனதே அவதாங்க. மாசியில செத்துப் போய்ட்டா. அவ போட்ட முடிச்சு, அவுக்க மனசு வரல."

"அதுக்காவ புள்ள வளராம இருக்குமாங்க?"

அந்த அக்கா தன் புள்ளைக்குத் தீர்த்தமலையில வாங்கின கருப்புக் கயித்தை எடுத்து, இடுப்பு வெறுசா இருக்கக் கூடாதுன்னு முதல்ல அதைக் கட்டினாங்க. அப்புறம் பழசைப் பல்லால கடிச்சு அறுத்து என் கையில குடுத்தாங்க. இடுப்பைச் சுத்தி செவசெவன்னு தடம்.

ரயில் சிக்னல் கம்பிக்கு எவ்வளவு தளர்வு விடணும்னு தினம் பாக்கறவன் நான். புள்ள இடுப்புக்கு எத்தனை விரல் விடணும்? பெத்தவங்க யாராச்சும் எழுதுங்கப்பா.