நாளைக்கு என்பதற்கு எஸ்தோனியச் சொல்

என் கணவர் லாபிர் துறைமுக வாசலுக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால்தான் வீடு. கை சுத்தம், வாய்தான் சரியில்லை. யார் துணி கொண்டுவந்தாலும் "நாளைக்கு வாங்க" என்பார். ஏலாது என்றால் வந்தவர் மனம் நோகுமாம்! திருகோணமலை ஆட்களுக்கு அது பழகிப்போயிற்று. அடுத்த கிழமைதான் எட்டிப் பார்ப்பார்கள்.

எழுபத்தைந்தாம் ஆண்டு தேயிலை ஏற்ற வந்த சோவியத் கப்பலில் யான் என்றொரு எஸ்தோனியப் பொடியன் வேலை செய்தான். ஊருக்குப் போனதும் அவனுக்குக் கலியாணம். மாப்பிள்ளை உடுப்புக்கு வெள்ளைத் துணியோடு வந்து நின்றான். இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் கதைத்தே சிநேகிதமாகிவிட்டார்கள். அளவெடுத்தபடியே இவர் அவன் பாஷையையும் பிடித்துக்கொண்டார். எய்லெ நேற்று, தனா இன்று, ஹொம்மெ நாளை, ஒஹ்து பின்னேரம். அதோடு விட்டாரா? குசினிக்குள் வந்து, "பல்கீஸ், ஒஹ்துக்கு என்ன கறி?" என்று என் உயிரை வாங்கினார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

உடுப்பு எப்போது கிடைக்கும் என்று யான் கேட்டான். மனுஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஹொம்மெ!" என்றார்.

மறுநாள் கடை திறக்கும்போதே யான் வாசலில் நிற்கிறான்! துணியில் கத்தரிக்கோல்கூடப் படவில்லை. "தனா ஒஹ்து," என்று அவன் கப்பல் பக்கம் கை காட்டினான். பின்னேரம் கப்பல் புறப்படுகிறது. பாவம், அவன் முகம் வாடிப்போனதைப் பார்த்ததும் நான் இவர்மேல் பாய்ந்தேன்.

"அறிவிரிக்கா ஒங்களுக்கு? மாப்பிள்ளைய வெறுங்கையோட அனுப்பப் போறீங்களா?"

"கத்தாத புள்ள! வந்து மெஷின்ல இரி!"

அவர் வெட்ட வெட்ட நான் தைத்தேன். யான் சும்மா இருக்கவில்லை, இஸ்திரிக்கைப் பெட்டியின் கரியை ஊதிக்கொண்டிருந்தான். மூவரும் பகல் சோற்றையே மறந்துபோனோம். கடைசிப் பொத்தானையும் வைத்து முடித்ததும் யான் போட்டுப் பார்த்தான். அல்லாஹ்வே, என்ன அழகு! சேட்டும் காற்சட்டையும் அப்படியே உடம்பில் பொருந்தின. அவன் இவரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான்.

படகடிவரை கூடப் போனோம். பிரியும்போது இவருக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்ப எப்போது வருவாய் என்று கேட்க அவன் பாஷையில் சொல் தெரியவில்லை. யானின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹொம்மெ?" என்றார்.

யான் நின்று யோசித்தான். பிறகு தலையை ஆட்டி, "எய்," என்றான். இல்லை என்று அர்த்தம். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு படகில் ஏறினான்.

வீட்டுப் படியேறும்போது இவர் வெடித்தார்.

"ஒரு பேச்சுக்காவது ஹொம்மெ எண்டு சொல்லியிரிக்கலாமே, பல்கீஸ்!"