ரப்பர் அணை தாழ்ந்த மத்தியானம்

மழை எச்சரிக்கை போனில் வந்தால் இப்போதும் என் விரல்கள் சில்லிட்டுவிடுகின்றன. ஆனாலும் அந்த மத்தியானத்தைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொல்கிறேன்.

நான் அபுதாபியில் நர்ஸ். என் மகள் அல் ஐன் பக்கம் ஒரு ரப்பர் அணையில் சைட் இன்ஜினியர். மழை பெய்தால் மட்டும் ஆறாகிற மணல் பள்ளத்தை இங்கே வாதி என்பார்கள். அதன் குறுக்கே கான்கிரீட்டில் இறுக்கிய நீளமான ரப்பர் பைதான் அணை. காற்றடித்தால் ஆளுயரம் எழும்பித் தண்ணீரைத் தேக்கும். வெள்ளம் மிஞ்சினால் காற்றைத் திறந்துவிட வேண்டும். பை தரையோடு படுத்து வழிவிடும். என் கண்ணுக்கு அது கையில் சுற்றி பிபி பார்க்கிற பட்டைதான், பெரிய அளவில்.

அன்று எனக்கு ஓய்வு நாள். மழை வரும் என்றதால் நானும் அவள் காரில் ஏறிக்கொண்டேன்.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் ரெயின்."

"சரி, ரோட்டப் பாத்து ஓட்டு."

காலையில் புழுதிக்காற்று அடித்தது. மத்தியானம் மலைப்பக்கம் கறுத்து, காவி நிற வெள்ளம் வந்து அணையில் மோதியது. தேங்கிய தண்ணீர் மேல்பக்கத்துப் பேரீச்சந்தோட்டத்தில் பரவி, வேலையாட்களின் அறைகளை நெருங்கியது. பழைய அறைகள், சுவர் ஊறினால் கூரை நிற்காது. அவர்களோ மூட்டைகளோடு அந்தக் கூரையில்தான் ஏறிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்திலிருந்து வெளியே வரும் பாதை ஏற்கெனவே மூழ்கிவிட்டது.

கரையிலிருந்த கன்ட்ரோல் ரூமில் மகள் வால்வைத் திறந்தாள். பை அசையவில்லை. காற்று இறங்கும் சத்தம் எனக்குத் தினமும் கேட்டுப் பழகியது. இங்கே சத்தமே இல்லை.

"காத்து வெளிய போகல, மக்ளே."

அவள் கீழக்கரைக்காரரான ஃபோர்மேனைப் பார்த்தாள். "அண்ணே, எக்ஸாஸ்ட் பைப்புல மூடி இருக்கா?"

புழுதி அடித்தால் திறந்த குழாய் எதையும் மூடி போட்டுத் திருகிவிடுவது இங்கே சைட்களில் யாரும் சொல்லாமலே நடக்கும் வேலை. அவர் முகம் வெளுத்தது. "காலைல கைப்பழக்கத்துல இறுக்கிட்டேன், இன்ஜினியரம்மா. நானே எறங்குறேன்."

"உங்க வெயிட்டுக்கு யாரு கயிறு பிடிக்கிறது? நீங்க பிடிங்க."

குழாய் வாய் கரைச்சரிவில், தண்ணீருக்குச் சற்று மேலே இருந்தது. இடுப்பில் கயிறு கட்டி, ஸ்பானரை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"அம்மா, வால்வ மூடு. திறந்திருந்தா மூடி என் முகத்துல அடிக்கும். நான் மேல வந்து கை காட்டுனதும் திற."

பிடித்த கையை விட்டு வால்வை மூடினேன். ஜன்னல் வழியே பார்த்தேன். ஒருமுறை சறுக்கி முழங்கால் வரை தண்ணீரில் நின்றாள். ஃபோர்மேன் கயிற்றைச் சுண்டி இழுத்தார். மறுபடி ஸ்பானரை மாட்டி, முழு உடம்பையும் அதில் சாய்த்தாள். மூடி கழன்று தண்ணீரில் விழுந்தது. மேலே வந்து கையை உயர்த்தினாள்.

திறந்தேன். குழாய் லாரி ஹாரன் போல அலறியது. ரப்பர் பை நடுவில் குழிந்து, மடங்கி, வெள்ளத்துக்கு அடியில் போனது. தோட்டத்துத் தண்ணீர் அறைகளின் வாசற்படியைத் தொட்டு நின்று, பின்வாங்கத் தொடங்கியது.

"சிஸ்டர், ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிருங்க. இங்க டூட்டி போட்டுத் தர்றேன்," என்றார் ஃபோர்மேன். ஜன்னலுக்கு வெளியே கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

சேறும் ஈரமுமாக மகள் உள்ளே வந்து, வால்வை இறுக்கியிருந்த என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"கலாஸ், முடிஞ்சுது அம்மா. விடு. அங்க பாரு."

கூரையிலிருந்தவர்கள் கைதட்டிக்கொண்டே ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.