வீடில்லாத புகை

லூக் மெல்லரி என்ற ஓவியர் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் கிளேர் பள்ளத்தாக்கை வரைந்தார். சரிவிலிருந்த குடிசைகள் கண்ணை உறுத்துவதாக நிலப்பிரபு சொன்னதால், படத்தில் அவற்றை விட்டுவிட்டார். ஒரு குடிசையின் புகையை மட்டும் ஏனோ வரைந்துவைத்தார். படம் பிரமாதமாக அமைந்துவிட்டது. அதைப் பார்த்துப் பூரித்த பிரபு, பள்ளத்தாக்கும் அப்படியே இருக்கட்டுமென்று குடிசைகளை இடித்துவிட்டார். கலை மனிதரை மாற்றும் என்பது இதுதான் போலிருக்கிறது.

புகைக்குரிய குடிசை டூஹி குடும்பத்துடையது. அதே இடத்தில் வீடு கட்ட பிரைடி டூஹி வாழ்நாளெல்லாம் மனுப் போட்டாள். ‘மெல்லரியின் காட்சி கெடும்’ என்று ஒவ்வொரு முறையும் மறுத்தார்கள். மலைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத தகர வண்டியில் குடியிருந்தாள். சாயங்காலம் மட்டும் சரிவுக்கு வந்து, இடிந்த குடிசையில் மிஞ்சிய பழைய அடுப்புக்கல்லில் தீ மூட்டுவாள்.

ஒருநாள் கட்டட அனுமதி அதிகாரி ஓடிவந்தார். “மிஸ் டூஹி, இங்க புகை போடக் கூடாதுங்க.”

“படத்தைப் பாருய்யா. புகை இருக்கா?”

“இருக்கு.”

“வீடு?”

“இல்ல.”

“அப்போ எல்லாம் சரியாத்தானே இருக்கு? படத்துல இல்லாத ஆளு நீதான். நகரு!”

போன மாசம் அவளை அடக்கம் செய்தோம். ஊரே கல்லறைத் தோட்டத்தில்தான் நின்றது. திரும்பும்போது பார்த்தால், சரிவில் புகை எழுந்துகொண்டிருந்தது. போய்ப் பார்க்க யாருக்கும் துணிவில்லை.

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். “படத்துல இருக்கறதுதானே...” என்றார்.