டிஸ்ப்ளே கார்டுக்கு வைத்த பொட்டு

சந்தனம் காய்ந்து ஒரு நாள் முழுதும் ஆன பிறகும் மணக்குமா? எனக்கு இன்னும் தெரியவில்லை. கல்யாணமாகி வந்த பிறகு மூன்று நான்கு முறை சோதித்தே பார்த்துவிட்டேன். தூளைக் குழைத்து எவர்சில்வர் மூடியில் தடவி வைத்து, மறுநாள் காலையில் முகர்ந்து பார்ப்பேன். ஒரு முறை மணந்தது. இன்னொரு முறை, மணப்பதாக நானே நினைத்துக்கொள்கிறேனோ என்று தோன்றியது. மூடியை மூக்கருகில் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்த என் கணவர், காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களையை விட்டுப் போய்விட்டார்.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது, பூஜை விடுமுறைக்குப் பீர்க்கன்கரணையில் இருந்த சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி என் அம்மாவின் தங்கை, கணக்கில் பட்டம் வாங்கியவள். தாம்பரத்துக்கு பஸ்ஸில் போய்வந்து ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து முடித்து, முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரையும் வாங்கி வைத்திருந்தாள். அந்தத் தெருவிலேயே அதுதான் முதல் கம்ப்யூட்டர். விஜயதசமியன்று காலை பத்தரை மணிக்கு நல்ல நேரத்தில், மூன்று பெண்களுக்கு வகுப்பு தொடங்குவதாக இருந்தாள்.

சித்தப்பாவுக்கு அதில் அரை மனதுதான். "பொங்கல் வரைக்கும் பார்ப்போம். சரியா வரலைன்னா பொட்டியை எங்க அண்ணன் ஆபீசுக்குக் குடுத்துடலாம்" என்று சொல்லியிருந்தார். அவர் அண்ணன் அதற்கு மேசைகூடத் தயார் செய்துவிட்டதாகக் கேள்வி.

ஆயுதபூஜையன்று காலையில் சித்தி கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினாள். உள்ளேயிருந்து ஒரு பச்சை அட்டையை உருவித் துடைத்து, மறுபடி அதன் பள்ளத்தில் சொருகினாள். அதற்கு டிஸ்ப்ளே கார்டு என்று பெயர், திரையில் தெரிகிற எல்லாவற்றையும் வரைந்து அனுப்புவது அதுதான் என்றாள். பிறகு சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, சுண்டலைத் தாளிக்கப் போனாள்.

"எல்லாத்துக்கும் பொட்டு வை கண்ணு. ஒண்ணும் விட்டுடாதே."

சொன்னதைச் சொன்னபடி செய்கிற குழந்தை நான். ஸ்கூட்டருக்கு வைத்தேன். அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் தையல் மிஷினுக்கும் வைத்தேன். திரைக்கு வைத்து, கீபோர்டுக்கும் வைத்த பிறகு, திறந்து கிடந்த பெட்டிக்குள் அந்தப் பச்சை அட்டை தெரிந்தது. இவ்வளவு வேலை செய்கிற அதை விட்டுவிடலாமா? விரலை நன்றாகத் தோய்த்து வைத்தேன். நான் குழைத்த சந்தனம் நீர்த்துப் போயிருந்தது. பொட்டு நிற்காமல் வழிந்து, அட்டையோடு கீழே இறங்கி, பள்ளத்துக்குள் போய்விட்டது. பயந்துபோய்ப் பாவாடை நுனியால் மேலே தெரிந்ததைத் துடைத்தேன். குங்குமம் வைக்கவில்லை. சித்தி வந்து மூடியை மாட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை.

பூஜையில் வைத்ததை அன்று யாரும் தொடுவதில்லை. அதனால் அது ஒரு நாள் முழுதும் நிதானமாகக் காய்ந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு சித்தி குளித்துவிட்டு வந்து பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. நீல வானத்தில் மேகம் மிதக்கும் படம் வந்தது. அதோடு சரி. படம் கிழிந்தாற்போலச் செங்குத்தாகக் கலர் கோடுகள் விழுந்து, எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி போட்டாள். மறுபடி மேகம், மறுபடி கோடுகள். மூன்றாம் முறை மேகம்கூட வரவில்லை. நீளமாக ஒரு பீப் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆரம்பமே அமர்க்களமா இருக்கே" என்றார் சித்தப்பா, செய்தித்தாளை இறக்காமல். ஆனாலும் அவரே ஸ்கூட்டரில் போய், கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவரை அழைத்துவந்தார்.

"இன்னாக்கா, பூஜை போட்ட மறுநாளே படுத்துகிச்சா?" என்று சிரித்தபடி உட்கார்ந்த அவர், இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார். "உள்ள கீற மெயின் போர்டே பூட்ச்சுக்கா. கடைக்கு எடுத்துனு போணும். மூணு நாள் ஆவும்."

"போர்டா கார்டான்னு எப்படித் தெரியும்?"

"எத்தினி பாத்துகினு கீறேன்! மூஞ்சப் பாத்தாலே சொல்லிடுவேன்."

"அதோட மூஞ்சிதான் தெரியவே மாட்டேங்குதே" என்றாள் சித்தி.

சித்தப்பா பேப்பரை மடித்தார். "அவர் எடுத்துட்டுப் போகட்டும்மா. பொண்ணுங்களை நாளைக்கு வரச் சொல்லிடலாம்."

"நாளைக்கு விஜயதசமி இல்லீங்க."

இதை அவள் சண்டைபோல் சொல்லவில்லை, தேதியைச் சொல்வதுபோல் சொன்னாள். பெட்டி ஒரு முறை வாசலைத் தாண்டினால் திரும்பி வராது, நேராக அண்ணன் ஆபீசுக்குத்தான் போகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலண்டரில் முடிந்துபோன மாதத்தைக் கிழித்து, பின்பக்கம் கோடு போட்டாள். 'என்ன மாற்றினேன்' என்று ஒரு பக்கமும், 'என்ன ஆனது' என்று இன்னொரு பக்கமும் எழுதினாள்.

முதலில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே கம்ப்யூட்டரைப் போட்டாள். பெரிய பெரிய படங்களோடு, வெளிறிப்போன கலரில் திரை வந்தது, விழாமலும் நின்றது. "பாருங்க, கம்மி கலர் கேட்டா நிக்குது, நிறைய கேட்டா விழுது. போர்டு போயிருந்தா இதுவே வராது." எழுதிக்கொண்டாள்.

"உங்க பையில வேற கார்டு இருக்கா?"

இருந்தது. அவர் தயக்கத்தோடு கொடுத்ததை அதே பள்ளத்தில் சொருகியதும் மேகம் வந்தது. மேகத்தைத் தாண்டி முழுத் திரையும் வந்தது.

"அப்ப கார்டுதான் பூட்ச்சு" என்றார் அவர், போர்டு என்று தான் சொன்னதே இல்லை என்பதுபோல். "புச்சு வாங்கிக்கக்கா. இத்த வுட்டுட்டுப் போவ முடியாது, பெருங்களத்தூர்ல ஒர்த்தருக்குக் குடுக்கணும்."

"அது போச்சான்னு இன்னும் தெரியலையே" என்று சித்தி தன் பழைய கார்டை எடுத்து, வேறொரு பள்ளத்தில் சொருகினாள். கோடுகள்தான் விழுந்தன. அதையும் எழுதினாள்.

"கார்டையும் பள்ளத்தையும் ஒண்ணாத் துடைச்சுப் போட்டுப் பாரேன்" என்றார் சித்தப்பா.

"ஒரு தடவைக்கு ஒரு மாத்தம்தாங்க. ரெண்டை மாத்தினா எது சரி பண்ணிச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது."

மணி ஒன்பதரை ஆகிவிட்டது. அவள் முகத்தில் பதற்றம் இருந்ததா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். இருந்திருக்கும். கையில் தெரியவில்லை. இப்போது மிக்ஸி நின்றாலே சுவிட்சைப் பத்து முறை தட்டுகிறவள் நான். அன்று அவள் ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, திரை விழும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கார்டை உருவி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். அதன் அடி விளிம்பில் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள் இருந்தன. அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் ஒன்றைச் சுரண்டினாள். அப்புறம் அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

சித்தி என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏரிப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "உன் பென்சில் ரப்பரை எடுத்துட்டு வா கண்ணு" என்றாள்.

கொண்டுவந்து கொடுத்தேன். ஸ்லேட்டை அழிப்பதுபோல அல்லாமல், ஒரே பக்கமாக, மெதுவாக, ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். துணுக்குகளை ஊதினாள். பள்ளத்தைத் தொடாமல், பழைய இடத்திலேயே கார்டைச் சொருகிப் பொத்தானை அழுத்தினாள். மேகம் வந்தது. மேகம் போய், கலர் கலராக முழுத் திரை வந்தது. உடனே அணைத்துவிட்டாள். "ஒரு தடவை வந்தா அதிர்ஷ்டம்" என்று மூன்று முறை போட்டுப் பார்த்த பிறகுதான் மூடியை மாட்டினாள்.

"இன்னாக்கா இருந்துச்சு அதுல?" என்று கேட்டார் ரிப்பேர்காரர். அவர் குரலில் கொஞ்சம் மரியாதை கூடியிருந்தது. சித்தப்பாவும் எட்டிப் பார்த்தார்.

"என் தப்புதான். நேத்து துடைச்சிட்டு ஈரக் கையோட சொருகிட்டேன் போல" என்றாள் சித்தி.

"அதுக்குத்தான் தெரிஞ்சவங்க கையில விடணுங்கறது" என்றார் சித்தப்பா.

"ஆமாங்க" என்று சிரித்தாள்.

பத்தரை மணிக்கு மூன்று பெண்களும் பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் பெயரை அடித்தாள். கடைசியில் என்னையும் உட்காரவைத்து என் பெயரை அடிக்கச் சொன்னாள் சித்தி. தப்பித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் இரண்டு முறை அடித்தேன். இவ்வளவு கண்டுபிடித்த சித்தியால் என்னைக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று ஒரு கர்வம்கூட இருந்தது.

அந்த வகுப்பு பல வருடம் நடந்தது. அந்தப் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேர் அவளிடம்தான் படித்திருப்பார்கள். ஆனால் சித்தப்பாவின் கிண்டலும் கூடவே நடந்தது. மாணவிகள் முன்னால், உறவினர் முன்னால், என் அம்மா முன்னால், வீட்டில் எது நின்றுபோனாலும், "மேடம் ஈரக் கையை வெச்சுட்டாங்களோ?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த வீட்டில் நான் சித்தி பக்கத்துப் பிள்ளை. உண்மையைச் சொல்லியிருந்தால் சித்தப்பா என்னைத் திட்டியிருக்க மாட்டார், நல்லவர்தான். ஆனால் "உங்க அக்கா பொண்ணு" என்று அந்தக் கிண்டல் என் தலையில் விழுந்திருக்கும். ஒவ்வொரு விடுமுறைக்கும் விழுந்திருக்கும். யார்மேலாவது விழத்தான் போகிறது என்று தெரிந்து, அவள் தன் தலையை நீட்டினாளோ? அல்லது தன் கைதான் ஈரம் என்று உண்மையாகவே நம்பினாளோ? மூக்கருகே கொண்டுபோனது முகரத்தானா, உற்றுப் பார்க்கவா? ஒன்பது வயதில் இதில் ஒரு கேள்விகூட எனக்குத் தோன்றவில்லை.

போன மாதம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். டிவி ஒரு நிமிடம் நின்றது. சித்தப்பா வழக்கம்போலச் சொன்னார், சித்தி வழக்கம்போலச் சிரித்தாள். திரும்பி வரும் வழியில், ரயிலில், என் ஆறு வயது மகள் கேட்டாள்: "அம்மா, அந்தப் பாட்டிக்குக் கம்ப்யூட்டர் சரியா தெரியாதா?"

தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

பெரியவர்களே, பிள்ளை வளர்த்தவர்களே, நீங்கள்தான் சொல்ல வேண்டும். எல்லோர் முன்னாலும் சித்தப்பாவிடம், அது என் சந்தனம் என்று சொல்லிவிடட்டுமா? சொன்னால், அவள் இத்தனை வருடம் வேண்டுமென்றே சுமந்ததை நான் தட்டிவிட்டதாகுமா? முதலில் சித்தியிடம் தனியாகக் கேட்கலாம் என்றால், அவளுக்குத் தெரியவே தெரியாது என்று ஆகிவிட்டால் அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? என் மகளுக்கு மட்டுமாவது சொல்லலாமா, அவள் அதை அங்கே போய் உடைத்துவிடுவாளா? உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால், என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.