பாம்பு என்ற சொல் இல்லாத பாம்புக்கடி: வைத்தியர் செல்வமலர் எழுதிய வினா

அன்று காலை வினா எழுதும் குழுவின் வட்சப்பைத் திறந்தபோது, முதல்நாள் மாலை செல்வமலர் டொக்டர் அனுப்பிய குறிப்பு அங்கே கிடந்தது. இளம் வைத்தியர் ஒருவர் பரீட்சை வினாவுக்காக உருவாக்கிய நோயாளியைப் பற்றியது அது. "இந்த ஐயாவுக்கு எலிக்காய்ச்சல் எண்டு நீர் முதலே முடிவெடுத்திட்டீர். ஐயாவுக்கு அது தெரியாதெல்லோ. அவரைக் கதைக்க விடும்." அதற்குக் கீழே நாங்கள் சிரித்து வைத்திருந்தோம். எல்லாவற்றுக்கும் கீழே, அவருடைய கைபேசியிலிருந்தே, அவருடைய தம்பி எழுதியிருந்தார்: "அக்கா விடியப்புறம் போயிட்டா."

அவருடைய நோய் முற்றிவிட்டது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் கடைசி மாலையில்கூட ஒரு கற்பனை நோயாளிக்காக வாதாடிக்கொண்டிருந்தவரை நினைத்தபோது, எனக்குக் கண்ணீரோடு ஒரு பெருமிதமும் வந்தது. அவரோடு வேலை செய்த உங்களுக்கு இது விளங்கும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிளிநொச்சியில் அவர் பொது மருத்துவ நிபுணர். நான் அதே வைத்தியசாலையில் மயக்கமருந்து நிபுணர், தீவிர சிகிச்சைப் பிரிவும் என் பொறுப்பு. மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து அக்கராயனில் வயல் செய்த குடும்பம் அவருடையது. வீட்டில் மலையகப் பேச்சில் "வாங்க, போங்க" என்பார். வைத்தியசாலை வாட்டுக்குள் வந்தால் வடக்குப் பேச்சில் "வாங்கோ, போங்கோ" என்பார். ஒரு நோயாளி "வலிக்குது" என்றாலும் "நோகுது" என்றாலும், அவர் எந்த ஊரிலிருந்து எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தார் என்பதை அந்த ஒரு சொல்லிலேயே பிடித்துவிடுவார்.

மருத்துவ மாணவர்களுக்கான பரீட்சை வினாக்களை எழுத எங்கள் இருவரையும் ஒரே குழுவில் போட்டார்கள். பழைய வினாத்தாள் கட்டை முதல் கூட்டத்தில் புரட்டியபோது, ஒரு வினாவில் கோல்ஃப் விளையாடுகையில் நெஞ்சு நோவு கண்ட வங்கி முகாமையாளர் ஒருவர் வந்தார். செல்வமலர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"டொக்டர், இவர் எங்கட கிளினிக்குக்கு எப்ப வாறவர்? நான் ஒருநாளும் காணேல்லையே."

அன்று முதல் எங்கள் வினாக்களில் வேறு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மிளகாய்த் தோட்டத்தில் மருந்து அடித்துவிட்டு வாந்தியோடு வருபவர், கனகராயன்குளத்தில் பஸ்ஸை மறித்து ஏறிவரும் மூச்சிளைப்புக்காரி, மகன் வெளிநாட்டில் இருப்பதால் தனக்கு ஒன்றுமில்லை என்று சாதிக்கும் நீரிழிவுத் தாய். வினா ஆங்கிலத்தில்தான் இருக்கும். நோயாளி பேசும் வரியை மட்டும், அவர் பேசுகிறபடியே தமிழில் எழுதுவார்.

அப்படி எழுதியவற்றில் ஒன்றுதான் பெரிய சண்டையைக் கிளப்பியது. நோயாளியாக நடிக்கும் ஒருவரை மாணவர் விசாரித்து நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய செய்முறை வினா அது. அதிகாலையில் வயிற்று நோவோடு ஒரு பெண் வருகிறார். காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. கொஞ்ச நேரத்தில் இமைகள் தானாக மூடத் தொடங்குகின்றன. அவ்வளவுதான். இரவு எங்கே படுத்தீர்கள் என்று மாணவர் கேட்டால் மட்டும், "நிலத்தில, பாயில" என்பார். கட்டுவிரியன் பாம்பு தூக்கத்தில் கடித்தால் நோவும் தெரியாது, தடமும் தெரியாது. மூச்சு நிற்பதற்கு முன்பு கண்டுபிடிக்க வேண்டும்.

பரீட்சைச் சபையில் மூத்த பேராசிரியர் ஒருவர் தாளைத் தள்ளிவைத்தார். "பாம்பு என்ற சொல்லே இல்லை. மாணவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? இது அநியாயம்."

"பாம்பு கடிச்சதெண்டு தெரிஞ்சால் ஓட்டோக்காரரும் சொல்லிப்போடுவார், சேர். ஒருத்தருக்கும் தெரியாத இடத்திலதான் டொக்டர் வேணும்."

அதோடு அவர் விடவில்லை. வினாவின் இரண்டாம் பகுதியில் அந்தப் பெண்ணுக்கு உடம்பு முழுவதும் செயலிழந்துவிடுகிறது. அந்த நிலையிலும் அவரோடு பேசுகிற மாணவருக்குத் தனியாகப் புள்ளி கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். பதில் சொல்லாத ஆளோடு பேசியதற்குப் புள்ளியா என்று சபையில் சிலர் சிரித்தார்கள். செல்வமலர் சிரிக்கவில்லை. "கண் திறக்கேலாத ஆளுக்குக் காது கேக்கும், சேர். எங்கட பிள்ளையள் அவவைச் செத்த ஆள் மாதிரி நடத்தக் கூடாது."

நானும் அவர் பக்கம் நின்றேன். அப்படிப் படுத்திருந்தவர்களை நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்த்திருக்கிறேன். நீண்ட இழுபறிக்குப் பிறகு வினாவும் நிலைத்தது, புள்ளியும் நிலைத்தது.

நோயாளியாக நடிக்க அக்கராயனிலிருந்து பார்வதி என்ற பெண்ணை அழைத்துவந்தார். கேட்காத எதையும் சொல்லக்கூடாது என்பது கட்டளை. ஒத்திகையில் ஒரு மாணவர் வியர்த்துப்போய், சாப்பாட்டைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார். பார்வதிக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, ராத்திரி எங்க படுத்தேன்னு கேளுங்களேன்!" என்று சொல்லிவிட்டார். செல்வமலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பரீட்சையில் பலர் அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறிவிட்டார்கள். தெற்கிலிருந்து வந்து படித்த நிமேஷ் என்ற சிங்கள மாணவர் நேரே எங்களிடம் வந்து கோபப்பட்டார். அந்த அம்மா தன்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை என்றார். செல்வமலர் அவரை இருத்தித் தேநீர் கொடுத்தார். "அவ சொல்லமாட்டா. நீர்தான் கேக்கவேணும். எப்பிடிக் கேப்பீர், தமிழில சொல்லும் பாப்பம்." நிமேஷ் தட்டுத்தடுமாறிச் சொல்லிப் பார்த்தார். சரியாக வரும்வரை அவர் விடவில்லை.

நிமேஷ் பட்டம் பெற்று, பயிற்சிக் காலமும் முடித்து, முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சிறிய வைத்தியசாலைக்கு நியமனம் பெற்றுப் போனார். ஒரு நாள் காலை, வாட் சுற்றுக்கு நடுவில், செல்வமலரின் கைபேசிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. அம்புலன்ஸின் இரைச்சலுக்கு மேலாகக் கத்தினார்: "மெடம், உங்கட நோயாளி வந்திட்டா!"

உண்மையாகவே வந்திருந்தார். விடியும் நேரம் வயிற்று நோவோடு ஒரு பெண். பழுதான மீன் சாப்பிட்டதால்தான் என்று கணவர் அடித்துச் சொன்னாராம். நிமேஷ் இமைகளைப் பார்த்தார். பிறகு, பயின்ற அதே தமிழில், இரவு எங்கே படுத்தீர்கள் என்று கேட்டார். "வெக்கை எண்டு வெளியால பாய் போட்டுக் கிடந்தவ," என்றார் கணவர். உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றி, மூச்சு தளர்ந்தபோது குழாயைப் போட்டு, வழிநெடுகக் கையால் காற்றுப் பையை அழுத்தியபடி எங்களிடம் கொண்டுவந்தார். வாசலில் நானும் செல்வமலரும் நின்றோம். கதவு திறந்தபோது எனக்கு முதலில் கேட்டது நிமேஷின் உடைந்த தமிழ்தான். "அம்மா, பயம் வேண்டாம். உங்களுக்குக் கேக்குது, எனக்குத் தெரியும். நான் இருக்கிறன்."

செல்வமலர் என் கையை இறுகப் பிடித்தார்.

அந்தப் பெண் பிழைத்தார். சில நாட்களில் இயந்திரத்தை எடுத்தோம். குரல் திரும்பியதும் அவர் முதலில் கேட்டது, "அந்தச் சிங்களத் தம்பி எங்க?" என்று. பிறகு எங்களிடம் சொன்னார்: "எனக்கு எல்லாம் கேட்டது, டொக்டர். ஆள் முடிஞ்சுது எண்டு ஆரோ அழுதவை. எனக்குச் சத்தம் போட ஏலேல்லை. அந்தத் தம்பி மட்டும் என்னோட கதைச்சுக்கொண்டே வந்தது. அதைப் பிடிச்சுக்கொண்டுதான் கிடந்தனான்."

அதை எழுத்தில் வாங்கிச் சபைக்கு அனுப்புவோமா என்று நான் கேட்டேன். "ஏன் டொக்டர்? இனி ஆர் அந்தப் புள்ளியில கை வைக்கிறது?" என்றார். அவர் சொன்னது சரி. இன்று வேறு மருத்துவ பீடங்களிலிருந்தும் அந்த வினாவைக் கேட்டு வாங்குகிறார்கள். அவருடைய இறுதிக் கிரியைக்கு வெள்ளைச் சட்டையோடு வந்து நின்ற இளம் வைத்தியர்களில் எத்தனை பேர் அதில் தவறி, அதனாலேயே தேறியவர்கள் என்று எனக்குத் தெரியும்.

அவருடைய மேசையை இனி யாரோ பயன்படுத்துவார்கள். நான் வைத்துக்கொள்வது ஒரு சத்தத்தை. எப்போதும் தாழ்ந்த குரலில் கதைக்கிற அந்த மனுஷி, அந்தப் பெண் எங்களோடு பேசிய அன்று தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வந்ததும், நடைபாதையில் தாதிமார் திரும்பிப் பார்க்க, பந்தயத்தில் வென்ற பிள்ளையைப் போல இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்:

"வெண்டிட்டம், டொக்டர்! வெண்டிட்டம்!"