பல்லால் கேட்டவர்

யுத்த காலத்தில் நான் அம்மை குத்தும் உத்தியோகத்தில் இருந்தேன். ஒகேனக்கல்லுக்கு மேலே, காவிரியின் நடுத்திட்டில் இருந்த மீன்காரர் குடிசைகளில் வைசூரி கண்டிருப்பதாகத் தகவல் வந்தது. மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பரிசல் துறைக்கு ஓடினேன்.

அங்கிருந்த ஒரே பரிசல்காரருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. நெட்டை மனிதர். முன்பற்கள் இரண்டும் கட்டையாகத் தேய்ந்திருந்தன.

அலையில்லாமல் கண்ணாடி போல் கிடந்த இடத்தைக் காட்டி, அங்கே போகலாம் என்று கையசைத்தேன். அவர் குத்தவைத்து உட்கார்ந்து, துடுப்பைத் தண்ணீருக்குள் இருந்த பாறையில் ஊன்றி, மேல்முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். எனக்குப் பொறுமை போயிற்று.

"இங்க வேணாங்க. அடியில மரம் ஒண்ணு சிக்கிக்கிட்டுப் பாறையில முட்டுதுங்க. நீங்களே கடிச்சுப் பாருங்க" என்றார்.

கடித்தேன். என் தாடைக்குள் டம், டம் என்று இடித்தது. வாயை எடுத்தால் ஆற்றிரைச்சல் தவிர ஒன்றுமில்லை.

கரையோரமாக இன்னும் நாலு இடத்தில் கடித்துப் பார்த்துவிட்டு, நுரை தள்ளிய ஓர் இடத்தில் பரிசலை இறக்கினார். பயத்தில் பெட்டியை மடியோடு இறுக்கிக்கொண்டேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால், நான் காட்டிய அந்தக் கண்ணாடித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, யானைத் தலை பருமனில் ஒரு வேர்முண்டு கறுப்பாக எழுந்து மறுபடி முழுகியது.

"அண்ணே!" என்று அலறினேன்.

முன்னால் மண்டியிட்டுத் துடுப்புப் போட்டவர் திரும்பவே இல்லை.

இன்றைக்கும் எந்த ஆற்றங்கரையில் நின்றாலும் முதலில் என் தாடைதான் இறுகுகிறது.