மஞ்சள் சுவர்

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது பெயிண்ட் வாசனை பட்டாலே எனக்குக் குமட்டும். அதனால் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக்குச் சுண்ணாம்பே அடிக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். நீலம் கலக்கலாம் என்பது அவர் ஆசை. துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்தாலே போதும், நிறம் போகாதாம். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மழை பிடித்தால் வாரக்கணக்கில் வெயில் முகமே பார்க்க முடியாது. அந்த இருட்டுக்குள் மஞ்சள்தான் வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன்.

அவர் மலைக்கு வேலைக்குப் போயிருந்த நேரம், சமையல் மஞ்சள்தூளை எடுத்துச் சுண்ணாம்பு வாளியில் கொட்டிக் கிளறினேன். கண்முன்னாலேயே எல்லாம் சிவந்துபோனது. அவர் வந்து வாளியை எட்டிப் பார்த்தார்.

"ஏன் புள்ள, வீட்டுக்கே ஆலாத்தி எடுக்கப் போறியா?"

சடங்குக்குச் சடங்கு மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து நானே கரைத்த ஆலாத்திதான். எப்படி மறந்தேனோ? அழுகை வந்துவிட்டது. அவர் அந்தச் சிவப்பை எடுத்து ஜன்னல் ஓரமாக ஒரு பட்டை அடித்தார். சில நாளில் அதுவும் வெளிறி, அழுக்குப் பழுப்பாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் போய் ஒரு பை மஞ்சள் பொடியோடு வந்தார். செடியில் எடுக்கும் சாயம் சுண்ணாம்புக்கும் வெயிலுக்கும் தாங்காது என்று ஹார்ட்வெயார் கடை முதலாளி சிங்களத்தில் விளக்கினாராம். இது இரும்புத் துருவின் மஞ்சள். மண்ணிலும் கிடைக்கும், இந்தப் பை ஃபேக்டரியில் செய்தது. முன்பெல்லாம் சில மஞ்சள் பெயிண்டில் ஈயம் இருக்கும், அது பிள்ளைகளுக்கு ஆகாது என்றும் சொன்னாராம்.

"இதுல ஈயம் இல்லன்னு ரெண்டு தரம் கேட்டுட்டுத்தான் வாங்குனேன். பயப்படாத" என்றார்.

அவருடைய நீலத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கேட்டதற்கு, "நாள் பூரா வீட்டுக்குள்ள இருக்கப் போறது நீதானே" என்றார்.

பொடியைச் சுண்ணாம்பில் கலந்து அடித்து முடித்ததும், ஈரத்தில் சுவர் கடுகு அரைத்த மாதிரி கறுத்துக் கிடந்தது. இதுவும் கெட்டுப்போச்சோ என்று நினைத்தேன். அடுப்பை எரியவிட்டு, கதவைத் திறந்துவைத்துக் காயவைத்தோம். காயக் காய நிறம் இளகி, அங்கங்கே திட்டுத்திட்டாக, லேசான மஞ்சளாக வந்தது. சாய்ந்தால் முதுகில் ஒட்டும். பிள்ளை பிறந்து வந்த பிறகு, அழுதால் அவர் அவளைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுவரோரம்தான் நடப்பார். வேலைச் சட்டையின் தோளெல்லாம் மஞ்சளாக இருக்கும்.

இப்போது அவள் முன்பள்ளிக்குப் போகிறாள். வீடு என்ன கலர் என்று டீச்சர் கேட்டதற்கு, "பருப்பு" என்றாளாம்.